முப்பத்தொன்றாம் தேதி மரத்துக்கு

இரட்டைப்படைத் தேதி நேசம்மாவுக்கு, ஒற்றைப்படைத் தேதி அவள் கொழுந்தன் அய்யாவுக்கு. முப்பத்தொன்று வருகிற மாதங்களில் அடுத்த நாளான ஒன்றும் ஒற்றைப்படையாகிவிடும். அதனால் முப்பத்தொன்றாம் தேதி யாருக்கும் இல்லை, அன்று மரம் ஓய்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். நாலு வருடமாக இதில் ஒரு சண்டையும் வந்ததில்லை.

மலாய் நாட்டில், மூவார் ஊரிலிருந்து ஆறு மைல் உள்ளே மூன்று ஏக்கர், முன்னூற்று இருபது ரப்பர் மரம். அவள் புருஷன் மணியமும் தம்பி அய்யாவும் எஸ்டேட்டில் பகல் வேலை முடித்து வந்து, மிச்சமிருந்த வெளிச்சத்தில் காட்டைத் திருத்தி நட்டவை. முதல் பால் எடுத்த வருடமே மணியம் காய்ச்சலில் செத்தான். நிலப் பத்திரத்தில் பாதி நேசம்மா பேரிலும் பாதி அய்யாவு பேரிலும் இருந்தது. எந்த மரம் யாருடையது என்று பிரிக்கவில்லை. மரத்தைப் பிரித்தால் நல்ல மரம், நோஞ்சான் மரம் என்று பேச்சு வரும், நாளைப் பிரித்தால் வராது என்று மணியம் படுக்கையில் கிடந்தபோது சொல்லியிருந்தான்.

1933, மே பத்தாம் தேதி. விடிகிற நேரத்தில் உளியும் வாளியுமாக முதல் நிரையில் நுழைந்த நேசம்மா மூன்றாவது மரத்தில் நின்றுவிட்டாள். வழக்கமான கோடு இடுப்பு உயரத்தில் இருந்தது. அதற்கு நேர் பின்பக்கம், இதுவரை உளி படாத பட்டையில், நெஞ்சு உயரத்தில் இன்னொரு கோடு புதிதாக ஓடியது. அடியில் கிடந்த சீவல் சுண்டுவிரல் தடிமன் இருந்தது. கோட்டுக்குள் விரலை வைத்துப் பார்த்தாள். கட்டை தட்டுப்பட்டது.

ரப்பர் மரத்துக்குப் பால் பட்டையில் இருக்கிறது, கட்டையில் இல்லை. காசு தடிமனுக்குத் தோலை எடுத்தால் ஏழெட்டு வருடத்தில் அந்த இடத்தில் புதுப்பட்டை வளர்ந்து மூடும், மறுபடி வெட்டலாம். கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முடிச்சு முடிச்சாக வீங்கும், பிறகு உளி ஓடாது. இரண்டு பக்கமும் சேர்த்து ஆழமாக வெட்டினால் ஒரு வருடம், ஒன்றரை வருடம் வாளி நிரம்பும். அதற்குப் பிறகு விறகு. எஸ்டேட்டில் இப்படி வெட்டியவனைக் கங்காணி மறுநாள் வேலைக்குச் சேர்க்கமாட்டார்.

நேசம்மா நிரை நிரையாக நடந்து பார்த்தாள். நாற்பத்தாறு மரம். அன்று அவள் உளியை எடுக்கவில்லை. ஓடைக் களிமண்ணையும் சாணியையும் குழைத்து, ஒவ்வொரு காயமாக அப்பிக்கொண்டு போனாள். நாற்பத்தாறும் முடிய உச்சிப்பொழுது ஆனது. கையைக் கழுவாமலே அய்யாவு வீட்டுக்கு நடந்தாள்.

நிலத்தின் மறுகோடியில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட வீடு அது. வாசலில் அவன் பெஞ்சாதி செல்வராணி நாலு மாதப் பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அய்யாவு உள்ளே பால் கட்டியை உருளை மெஷினில் விட்டுத் தகடாக்கிக்கொண்டிருந்தான்.

“தம்பி, நேத்து உளி மழுங்கிப்போச்சா, இல்ல கண்ணு மழுங்கிப்போச்சா?”

“ரெண்டும் நல்லாத்தான் இருக்கு அண்ணி.”

“அப்ப தெரிஞ்சேதான் கட்டையத் தொட்டிருக்க.”

“தெரிஞ்சேதான்.”

அவன் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை.

“ஏன்?”

அவன் மெஷின் கைப்பிடியை விட்டுவிட்டு வெளியே வந்தான். “அடுத்த வருசம் முடியறதுக்குள்ள ஆண்டவர் நம்மள எடுத்துக்குவார் அண்ணி. அதுக்கப்புறம் இந்த மரத்த எவன் வெட்டினா என்ன? இருக்கிற பால இப்பவே எறக்கி, ஒரு லாரி பேசி, காளியப்பன் ஐயாவ லாபிஸ், சிகாமட், குளுவாங் வரைக்கும் எஸ்டேட் எஸ்டேட்டா கூட்டிட்டுப் போவணும். கதவு சாத்தறதுக்கு முன்ன எத்தன பேர உள்ள இழுக்க முடியுமோ இழுக்கணும்.”

“லாரி கெடக்கட்டும். எம் மவளுக்கு ஏழு வயசு. அவ உளி புடிக்கிற வயசுல எதுல வெட்டுவா?”

“அவளுக்கு அந்த வயசு வராது அண்ணி. நல்ல எடத்துக்குப் போயிருவோம்.”

அதை அவன் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை, மிரட்டியும் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோல் சொன்னான்.

நேசம்மாவுக்கு இது எங்கிருந்து வந்தது என்று தெரியும். மூவாரில் ஆற்றுக்கரைப் பக்கம் ஒரு அரிசிக் கடை மாடியில் காளியப்பன் கூட்டம் நடத்தினார். அங்கே பாதிரி கிடையாது, அங்கி கிடையாது. ஞாயிறுதோறும் ஒரு ரொட்டியும் ஒரு பாத்திரமும் மேஜையில் இருக்கும், ஆண்கள் யாருக்கு ஏவுதல் வருகிறதோ அவர்கள் எழுந்து பேசுவார்கள், பெண்கள் முக்காடு போட்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். சுவரில் பத்தடி நீளத்தில் ஒரு துணிப்படம். அதில் உலகத்தின் காலம் ஏழு யுகமாக, ஏழு வட்டமாக வரையப்பட்டிருக்கும். நாம் இருப்பது ஆறாவது வட்டத்தின் விளிம்பில். அதன் முடிவில் சபை சத்தமில்லாமல் மேலே எடுக்கப்படும். பிறகு ஏழு வருடம் உபத்திரவம், பிறகு யூதருக்குச் சொன்னதெல்லாம் யூதருக்கே நிறைவேறி ஆயிரம் வருட ஆட்சி. அய்யாவு இரண்டு வருடத்துக்கு முன் அங்கே சேர்ந்து, மூவார் ஆற்றில் முழுக்கு எடுத்துக்கொண்டான்.

நேசம்மா மூன்று தலைமுறையாக மிஷன் கோவில்காரி. தாய்வழிப் பாட்டன் ஊரிலேயே உபதேசியாராக இருந்தவர். பிறந்த பதினைந்தாம் நாளில் அவள் நெற்றியில் தண்ணீர் தெளித்தார்கள். ஆபிரகாமோடு செய்த உடன்படிக்கை ஒன்றுதான், அதற்குள்தான் சபையும் இருக்கிறது, அப்பன் ஆத்தாளோடு பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று வினாவிடையில் மனப்பாடம் செய்தவள். ஆண்டவர் வருவார், ஒரே தரம் வருவார், எல்லாரும் பார்க்க வருவார், அன்றைக்கே நியாயத்தீர்ப்பு. இதற்கு மேல் படம் தேவை என்று அவளுக்குத் தோன்றியதில்லை.

“தம்பி, நீ பேசறது எனக்குப் புரியாம இல்ல,” என்றாள். “பழைய பட்டைய வெட்டி முடிச்சதும் புதுப்பட்ட வருது. பட்டதான் மாறுது, மரம் அதேதான். நீங்க மரமே வேற வேறங்கிறீங்க.”

“மரம் ஒண்ணுதான் அண்ணி. ஆனா ஒரு பக்கம் முடிஞ்சா கோடு போட்டு மூடிட்டு அடுத்த பக்கம் தொறக்கறோமா இல்லயா? மூடுன பக்கத்துல போயி யாராச்சும் பால் புடிக்கிற மங்கு கட்டுவாங்களா? அதத்தான் ஐயா படத்துல போட்டிருக்காரு. யூதருக்கு ஒரு பக்கம், நமக்கு ஒரு பக்கம்.”

“மூடுன பக்கத்த யாரும் கட்டைவரைக்கும் தோண்டறதில்ல.”

செல்வராணி பிள்ளையைத் தட்டுவதை நிறுத்தினாள். “அண்ணி சொல்றதுக்கு பதில் சொல்லுங்க,” என்றாள் தரையைப் பார்த்தபடி.

“நீ சும்மா இரு லா.”

“நான் சும்மாத்தான் இருக்கேன். ரெண்டு வருசமா சும்மாத்தான இருக்கேன்.”

பிள்ளைக்கு யூஜின் என்று பெயர். சிங்கப்பூரிலிருந்து வந்து போன ஒரு சகோதரரின் பெயரை அய்யாவு வைத்தான். மிஷன் கோவில் பாதிரியார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர், ஞானஸ்நானம் கொடுக்கட்டுமா என்று கேட்டபோது, தானாக விசுவாசித்துத் தானாகத் தண்ணீரில் இறங்குகிற வயது வரட்டும் என்று அய்யாவு சொல்லிவிட்டான். செல்வராணி மூன்று நாள் சாப்பிடவில்லை. அவன் மாறவில்லை.

இரண்டு வாரம் கடந்தது. ஒற்றை நாளில் அவன் கட்டையைத் தொட்டான், இரட்டை நாளில் அவள் மண் அப்பினாள். பால் எடுக்க அவளுக்கு நேரம் மிஞ்சவில்லை. அய்யாவுவின் தகடு இரட்டிப்பானதைப் பார்த்து, மூவாரில் தகடு வாங்கும் சீன முதலாளி தவுக்கே, “அய்யாவு, உன் மரம் ராத்திரில குட்டி போடுதா?” என்று கேட்டதாகச் செல்வராணி வந்து சொன்னாள். காயம்பட்ட மரம் எழுபதைத் தாண்டியது.

இருபத்தெட்டாம் தேதி ஞாயிறு. நேசம்மா மகள் புஷ்பவள்ளியைக் கோவிலில் விட்டுவிட்டு, அரிசிக் கடை மாடி ஏறினாள். முக்காடு போட்டுக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ரொட்டி சுற்றி வந்தபோது கையை நீட்டவில்லை, அவர்களும் எதிர்பார்க்கவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் படியிறங்கும்போது, முந்தானையில் முடிந்து வைத்திருந்த பட்டைச் சீவல்களைக் காளியப்பன் கையில் கொடுத்தாள்.

காளியப்பன் பிரசங்கியாவதற்கு முன் தங்காக் பக்கத்து எஸ்டேட்டில் பதினெட்டு வருடம் மரம் வெட்டியவர். வலது கட்டைவிரல் இன்னும் உளி பிடித்த வளைவிலேயே இருந்தது. சீவலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் ஒட்டியிருந்த கட்டை நாரை நகத்தால் சுரண்டினார்.

“எவன் வெட்டுனான்?”

“நீங்க முழுக்கு குடுத்தவன்தான். எங் கொழுந்தன்.”

அவர் முகம் மாறியது. “இது வெட்டு இல்லம்மா, அறுப்பு.”

“அடுத்த வருசக் கடைசிக்குள்ள எடுத்துக்குவாராம். உங்க படத்துல அப்பிடிப் போட்டிருக்கா?”

“படத்துல எங்கயும் தேதி கெடையாது. எந்த நாளும் வரலாம்னுதான் சொல்றேன். இந்த நாள்தான்னு நான் சொன்னதில்ல, சொல்லவும் கூடாது.” பிறகு படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “அய்யாவு, இங்க வா.”

அய்யாவு வந்தான். சீவலைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான்.

“தேதி யாரு குடுத்தா?” என்றார் காளியப்பன்.

“நீங்க படம் வரைஞ்சீங்க ஐயா. எருசலேம் துருக்கிக்காரன் கையிலேருந்து போன வருசத்த நீங்கதான் சொன்னீங்க. நான் அதுலேருந்து கூட்டிப் பாத்தேன்.”

“கூட்டிப் பாக்கறதுக்கா வரைஞ்சேன்? முழிச்சிருக்கறதுக்கு வரைஞ்சேன்.”

“முழிச்சிருக்கறவன் என்ன ஐயா செய்வான்? கையிலிருக்கறதப் போட்டு நாலு பேரக் காப்பாத்த மாட்டானா? ஒரு வேள எங் கணக்கு ஆறு மாசம் முன்ன பின்ன இருக்கலாம். அதுக்குள்ள ஒரு எஸ்டேட்டாச்சும் கேட்டிருக்குமே.”

அவன் அந்தப் பாலில் தனக்கு ஒரு சட்டைத்துணி வாங்கவில்லை என்பது அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும்.

“எசமான் எப்ப வந்தாலும் அவரு குடுத்த வேலையில இருக்கணும்டா,” என்றார் காளியப்பன். “மரத்தக் கொல்றது அவரு குடுத்த வேல இல்ல.”

“யோசிக்கிறேன் ஐயா,” என்று சொல்லிவிட்டு அய்யாவு இறங்கிப் போனான். யோசிப்பான், மாறமாட்டான் என்று அவன் முதுகைப் பார்த்தே நேசம்மாவுக்குத் தெரிந்தது.

அவளும் கிளம்பியபோது காளியப்பன் கேட்டார்: “நீங்க மிஷன் கோவில். ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. யூதருக்கு நெலம் தரேன்னு ஆண்டவர் சொன்னாரு. நெலம்னா நெலந்தான? அது சபைக்குச் சொன்னது, மோட்சத்தச் சொன்னதுன்னு நீங்க மாத்திக்கிட்டா, அவங்களுக்குக் குடுத்த வாக்கு என்னாச்சு?”

நேசம்மா படியில் நின்று யோசித்தாள். வினாவிடையில் அதற்கு நேரான பதில் இல்லை. “எனக்குத் தெரியல,” என்றாள். “ஆனா வாக்கு பிள்ளைங்களுக்கும்னு சொன்னாரே, அத நீங்க யாருக்கும் இல்லாமப் பண்ணிட்டீங்க.”

“பிள்ளைங்களயும் அவரு பாத்துக்குவாரும்மா. தண்ணி தெளிச்சாத்தான் பாப்பாரா?”

இருவரும் ஒருவரையொருவர் ஜெயிக்கவில்லை. ஆனால் நிலம், வாக்கு, பிள்ளை என்ற மூன்றையும் மனதில் புரட்டியபடி அவள் கோவிலில் இருந்த மகளைக் கூட்டிக்கொண்டு ஆறு மைலும் நடந்தாள். வீடு வருவதற்குள் என்ன செய்வது என்று முடிவு செய்திருந்தாள்.

மறுநாள், இருபத்தொன்பது, அவன் நாள். நேசம்மா விடிவதற்குள் நிரையில் போய் நின்றாள். அவன் உளியோடு வந்தான்.

“இன்னிக்கு எம் மொற அண்ணி.”

“தெரியும். மரத்தத் தொட வரல. தம்பி, நீ தேதிய நம்பறது நெசந்தான?”

“நெசந்தான்.”

“அப்ப முப்பத்தஞ்சாம் வருசம் இந்த நெலம் உனக்கு எதுக்கும் ஆவாது.”

“ஆவாது.”

“சரி. உம் பாதிய யூஜின் பேர்ல எழுதிரு. எம் பாதிய நான் புஷ்பவள்ளி பேர்ல எழுதிர்றேன். ரெண்டு புள்ளைங்களும் பெரிசாவற வரைக்கும் நாம வெட்டிக்கலாம். புள்ளைக்கு ஞானஸ்நானம் வேணாம்னே, சரி. மரத்தையாச்சும் குடு.”

அவன் உளியைக் கை மாற்றிப் பிடித்தான். “அவன் பெரிசாவப் போறதில்லயே அண்ணி.”

“அப்ப உனக்கு என்ன நட்டம்? நீ சொல்றாப்ல நடந்தா, அது ஒரு கடுதாசி. நான் சொல்றாப்ல நடந்தா, அவனுக்கு ஒரு நெலம்.”

அவன் உளியை இடுப்பில் செருகினான். பிறகு, “நட்டம் ஒண்ணுமில்ல,” என்றான். “வரேன்.”

ஜூன் முதல் வாரத்தில் நேசம்மாவும் அய்யாவும் செல்வராணியும் மூவார் நில ஆபீசுக்குப் போனார்கள். செல்வராணி இடுப்பில் பிள்ளை. ஆபீஸ் படிக்கட்டுக்குக் கீழே மேஜை போட்டு மனு எழுதும் சதாசிவம் காகிதத்தை எழுதி, மலாய்க் குமாஸ்தா முன்னால் அழைத்துப் போனார். குமாஸ்தா வாசித்துவிட்டு மலாயில் நீளமாகப் பேசினார். சதாசிவம் தமிழில் சொன்னார்:

“அப்புறமா மாத்தறது, அந்தத் தேதிலேருந்து செல்லும்ங்கறதெல்லாம் இங்க கெடையாது. மாத்தினா இன்னியிலேருந்து மாத்தினதுதான். புள்ள மைனரா இருக்கறதால நீங்க அமானாக்காரர். அதாவது அடுத்தவன் பொருளக் கையில வச்சுக் காப்பாத்தறவர். வெட்டித் திங்கலாம், விக்க முடியாது. அழிக்கவும் கூடாது. மரம் கெட்டுப்போச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும். சம்மதம்னு சத்தியம் பண்ணச் சொல்றாரு.”

அய்யாவுவின் கட்டைவிரலில் ஏற்கெனவே மை தடவியிருந்தது. அதைக் காகிதத்துக்கு மேல் அப்படியே நிறுத்திக்கொண்டான்.

“நாங்க சத்தியம் பண்றதில்ல,” என்றான். “ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. அவ்வளவுதான்.”

சதாசிவம் அதைச் சொன்னார். குமாஸ்தா தோளைக் குலுக்கினார். “போலே,” என்றார். ஆகட்டும்.

“அப்ப ஆமான்னு சொல்லுங்க,” என்றார் சதாசிவம்.

பின்னால் இன்னும் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவன் இருமினான். செல்வராணி பிள்ளையை இடுப்பு மாற்றினாள்.

“அண்ணி,” என்றான் அய்யாவு, திரும்பாமல். “இது தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தீங்களா?”

“தெரியாது. தெரிஞ்சிருந்தா முந்தியே கூட்டிட்டு வந்திருப்பேன்.”

“ஆமான்னு சொல்லிட்டா ஒரு கோட்டுக்கு மேல வெட்ட முடியாது. லாரி போச்சு. அந்த எஸ்டேட்டுச் சனங்க கேக்காமயே போயிருவாங்க. அந்த ரத்தம் யாரு தலையில?”

அங்கே நின்றவர்கள் முன்னால் அவன் அழவில்லை. ஆனால் மை பட்ட விரலைக் காகிதத்துக்கு மேலிருந்து இழுத்துக்கொண்டான். இத்தனை நாளும் தான் அவனிடமிருந்து மரத்தை மட்டுமே காப்பாற்றிக்கொண்டிருந்ததாக நேசம்மாவுக்கு அப்போது பட்டது. இவன் தூங்காமல் கிடந்தது வேறு ஒன்றுக்காக. அவள் அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

“லாரி எதுக்கு? உனக்கும் காளியப்பனுக்கும் காலு இல்லயா? எஸ்டேட்ல மத்தியானத்துக்கு மேலதான சனங்க கையில கெடைப்பாங்க. வாரத்துல ஒரு ஒத்த நாள் நான் உனக்காக வெட்டித் தரேன். பால் உன்னோடது. நீ விடியவே கெளம்பிப் போ, போயிப் பேசு.”

“நான் பேசறத நீங்க ஒத்துக்கறதில்ல.”

“ஒத்துக்கல. படம் எனக்குப் புடிக்கல, தேதி சுத்தமாப் புடிக்கல. ஆனா ஆண்டவர் பேரக் கேக்காதவன் கேக்கணும்ங்கறதுல எனக்கும் உனக்கும் சண்ட இல்லயே.”

வரிசையில் இருந்தவன் மறுபடி இருமினான். அய்யாவு பிள்ளையைப் பார்த்தான். யூஜின் அம்மாவின் தாலிக்கயிற்றை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தான்.

“ஆமா,” என்றான் அய்யாவு. கட்டைவிரலை அழுத்தினான்.

அன்று முதல் பின்பக்கக் கோட்டை அவன் தொடவில்லை. முதல் ஒரு மாதம் அவன் முகத்தைப் பார்க்கவே நேசம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது. பசித்தவன் சோற்றுப்பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் மரத்தடியில் நிற்பான். பிறகு குனிந்து, காசு தடிமனுக்கு ஒரே சீவல். அது அவனுடைய மரமில்லை. அடுத்தவன் பொருளில் கை வைக்கிற பழக்கம் அவனுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

வாரம் ஒரு நாள், பெரும்பாலும் வியாழனோ வெள்ளியோ, அவனும் காளியப்பனும் துணிப்படத்தைச் சுருட்டி ஒரு கழியில் மாட்டி, ஆளுக்கொரு முனையாகத் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள். சில இடத்தில் துரையின் ஆள் விரட்டினான். சில இடத்தில் வேலை இல்லாமல் ஊருக்குக் கப்பலேறக் காத்திருந்த சனங்கள் உட்கார்ந்து கேட்டார்கள். அந்த நாட்களில் நேசம்மா இரண்டு பேர் வேலையையும் செய்தாள். அடுத்தடுத்த நாள் வெட்டுவதில் தோள்பட்டை இறங்கியது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. செல்வராணி கேட்காமலே வந்து பால் சேகரிக்க வாளி பிடித்தாள்.

காயம்பட்ட எழுபத்தெட்டு மரத்தில் முப்பத்தொன்பது பிழைத்தன. மீதியில் பட்டை பழுப்பாகி வெடித்துப் பால் நின்றுபோனது. அவற்றை வெட்டி அடுக்கினார்கள். அந்த இடத்தில் நேசம்மா கன்று நட்டாள். குழி தோண்டியது அய்யாவுதான். நட மாட்டேன் என்றும் சொல்லவில்லை, நடுவேன் என்றும் சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து தோண்டினான்.

1934 டிசம்பர் வந்தது. இருபத்தெட்டு நேசம்மாவின் நாள், வெட்டினாள். இருபத்தொன்பது அய்யாவுவின் நாள், வெட்டினான். முப்பது ஞாயிறு. முப்பத்தொன்று திங்கட்கிழமை, மரம் ஓய்கிற நாள். அன்று அய்யாவு வீட்டை விட்டு வெளியே வரவில்லை. வெள்ளை வேட்டி கட்டி, காலையிலிருந்து முழங்காலில் இருப்பதாகச் செல்வராணி வந்து சொன்னாள். அவளும் பிள்ளைக்கு நல்ல சட்டையாகப் போட்டு வைத்திருந்தாள்.

“எதுக்கும் இருக்கட்டும்னு,” என்றாள்.

“போட்டா என்ன? நல்லதுதான்,” என்றாள் நேசம்மா.

நேசம்மாவும் அன்று இரண்டு தரம் வானத்தைப் பார்த்தாள். வந்தால் வரட்டும் என்றுதான் நினைத்தாள். வந்தால் மணியத்தைப் பார்க்கலாம். ஓடைப் பக்கம் மேகம் கறுத்து, மூன்று மணிக்கு மழை கொட்டி, ஐந்து மணிக்கு விட்டது.

ஜனவரி ஒன்று, செவ்வாய். ஒற்றைப்படை. மிஷன் கோவிலில் ஒன்பது மணிக்குப் புதுவருட ஆராதனை. புஷ்பவள்ளிக்குத் தலை பின்னிவிட வேண்டும். ஆனால் நேசம்மா விடியலிலேயே நிரை ஓரத்தில் வந்து நின்றாள். ஒரு மாதமாக அவளை அரித்தது இதுதான். தேதி பொய்த்துப்போன மனிதன் என்ன ஆவான் என்று அவளுக்குத் தெரியாது. குடிக்கப் போகலாம். எல்லாவற்றையும் விட்டெறியலாம். கோபத்தில் இருக்கிற மரத்தையெல்லாம் கட்டைவரை வெட்டலாம்.

வெளிச்சம் வந்தது. அவன் வரவில்லை. அடுத்த வீட்டுச் சேவல் கூவி ஓய்ந்தது. பட்டையில் நேற்றைய மழை ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் அரைமணி போனால் பால் நன்றாக இறங்காது.

கிளைப் பாதையில் வாளிச் சத்தம் கேட்டது. அய்யாவு நேற்றைய வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். முழங்காலில் சாணித்தரையின் பச்சை அப்படியே இருந்தது. அவளைப் பார்த்தும் நிற்காமல் முதல் மரத்துக்குப் போனான்.

“லேட்டாயிருச்சு அண்ணி,” என்றான்.

“ம்.”

“உளி தீட்டிட்டிருந்தேன்.” கோட்டில் ஒட்டியிருந்த காய்ந்த பாலை இழுத்து உரித்தான். “கூட்டினது தப்பு. ஐயா சொன்னது சரி, நான் கூட்டியிருக்கக் கூடாது. ஆனா வரப்போறது தப்பில்ல. இன்னிக்கும் வரலாம்.”

“வரலாம்.”

“ஒங்க கோவில்ல சொல்றாப்ல இல்ல. ரகசியமாத்தான் வருவாரு.”

“அத வந்தப்புறம் பாத்துக்கலாம் தம்பி.”

அவன் முதன்முதலாக லேசாகச் சிரித்தான். பிறகு குனிந்து உளியைக் கோட்டில் வைத்து இழுத்தான். சீவல் ஒரே இழையாகச் சுருண்டு விழுந்தது. நேசம்மா அதை எடுத்து விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தாள். காசு தடிமன். கட்டை நார் இல்லை. கோட்டின் ஓரத்தில் பால் முத்து முத்தாகக் கட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து மங்கில் சொட்டத் தொடங்கியது.

“வியாழக்கெழம மூணாந்தேதி,” என்றான் அவன், அடுத்த மரத்துக்கு நடந்தபடியே. “பாகோ பக்கம் போறோம். உங்களால முடியுமா?”

தோள்பட்டை வலித்தது. “போயிட்டு வா,” என்றாள் நேசம்மா. “நான் வெட்டறேன்.”